ஆறு இரவு காடு, நாலு இரவு கடல்

சாப்பாட்டு மேசையில் தன்சானியாவை விரித்துப்போட்டு
மூன்று மூலைக்குப் பாரம் வைத்திருக்கிறார் பகீரதன்:
ஊறுகாய்ப் போத்தல், என் கண்ணாடிக் கூடு,
மேற்கே ஒரு மாம்பழம்.
நாலாவதுக்குத் தன் முழங்கை.
அந்த முழங்கைக்குக் கீழேதான் கடல் இருக்கிறது.

"கடல் என்னத்துக்கு?" என்கிறார்.
"கதவைத் திறந்தால் கடல்தானே."
திறந்தால் தண்டவாளம். அதற்கப்பால் கல்.
கல்லுக்கும் அப்பால்தான் அது.
பின்னேர ரயில் போகும்போது
பெட்டிகளுக்கு நடுவே துண்டு துண்டாய்க் கிடைக்கும்.
வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருடம்;
என் கால் நனைந்தது மூன்று தரம்,
அதில் ஒன்று ஒழுங்கை வெள்ளத்தில்.
எனக்கு வேண்டியது ரயில் குறுக்கே போகாத கடல்.
நாலு இரவு. குறைக்க மாட்டேன்.

டொலர் நேற்று ஏறியது.
இன்று காலை கொஞ்சம் இறங்கிப்
பின்னேரம் திரும்ப ஏறியது.
ஒட்டகச்சிவிங்கி ஒன்றுக்கு எவ்வளவு விழும் என்று
கொப்பியில் பிரித்துக்கூடப் பார்த்திருக்கிறார்.
சிங்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.
"அது வந்தால் வரும், வராட்டி இல்லை.
அதை நம்பிச் செலவு செய்யேலாது."

பொரளையில் மஞ்சள் காய்ச்சல் ஊசி.
சின்ன விமானம்: ஆளுக்குப் பதினைந்து கிலோ,
சில்லு வைத்த பெட்டி ஏற்றமாட்டார்கள்.
கறுப்பும் கருநீலமும் உடுத்தக்கூடாதாம்,
செற்சி என்றொரு ஈ அந்த நிறங்களைத் தேடிவந்து கடிக்கும்.
என் அலுமாரியைத் திறந்து பார்த்தேன்.
பத்தொன்பது வருடம் வங்கிக்குப் போனவளின் அலுமாரி,
ஈக்கு விருந்து.
காக்கி நல்லது என்றாள் பயண முகவர் ஷிஃபானா.
பகீரதன் பேனையை மூடினார்.
"காக்கி வேண்டாம். வேற என்ன நிறம் இருக்கு?"
அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
"மண் நிறம் போடலாம் சேர்."

பிறகு தங்குமிடங்கள். ஒவ்வொரு பெயரின் வாலிலும்
லொட்ஜ், லொட்ஜ், லொட்ஜ்.
எங்கள் வீதியில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை:
தொண்ணூற்றெட்டில் அறைக்கு ஐந்து பேர்,
காயாத துவாய், மூட்டைப்பூச்சி,
படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால்
தலையணைக்குக் கீழ் அடையாள அட்டையைத் தடவும் கை.
அப்போது அவருக்கு இருபத்துமூன்று.
இப்போது விதிமுறையை எனக்கு வாசித்துக் காட்டுகிறார்:
இருட்டிய பின் காவலாளி இல்லாமல்
கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது.
வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்.
"உதில எனக்கு நல்ல அனுபவம்."
யானைக்காக அடங்கியிருப்பதுதான்
முதல் தரம்.

விசாப் படிவம் கடைசியில்.
பெயர். பிறந்த இடம்.
பிறந்த இடத்தில் அவர் கை ஒரு கணம் நிற்கும்,
இன்றும் நின்றது.
பயணத்தின் நோக்கம்?
கொழும்புக்கு ஏன் வந்தாய் என்ற பொலிஸ் பதிவில்
எத்தனை தரம் எழுதியிருப்பார்:
பாஸ்போட் எடுக்க. அம்மாவுக்குக் கண் காட்ட.
சோதினை எழுத. திரும்பவும் பாஸ்போட்.
எல்லாம் உண்மை.
எதையும் அவர்கள் நம்பவில்லை.
இன்று அந்தப் பெட்டிக்குள்
குண்டு குண்டாய், அவசரமில்லாமல்,
மிருகங்களைப் பார்க்க
என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.
பிறகு என்னைக் கேட்டார்:
"நம்புவாங்களோ?"

நான் மாம்பழத்தை எடுத்து வெட்டப் போனேன்.
வரைபடத்தின் மேற்கு சுருண்டு வந்து
செரங்கெட்டியை மூடிக்கொண்டது.
அதைப் பிடிக்க அவர் எட்டினபோது
முழங்கை எழும்பியது.
ஒரு விரற்கடை நீலம்.
அதன் பக்கத்தில், பென்சிலால்,
எப்போது எழுதினாரோ தெரியாது:
ஐந்து இரவு?